கடலுக்கு முதுகு காட்டக்கூடாது

கனடாவில், பார்க்டேலில் பதினான்காம் மாடியில் இருந்துகொண்டே கரீபியன் தீவொன்றில் எந்தப் பாறை நல்ல பாறை என்று தீர்மானித்தவர் தவமணி. மகன் ஸ்ரீதரனுக்கும் மருமகள் நிரூபாவுக்கும் அதில் ஒரு பங்குமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு யார் மேல் பழி என்று தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை.

தவமணியின் கணவர் இராசரத்தினம் தொண்ணூற்றாறாம் ஆண்டு தை மாதக் குளிரில், தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்து கதிரையில் இருந்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். எரித்தாயிற்று. சாம்பலை எங்கே கரைப்பது? ஊரென்றால் கீரிமலைக் கடல் இருக்கிறது. யுத்தம் நடந்த அந்த வருடம் யாழ்ப்பாணத்துக்கு யார் போகமுடியும்? இங்கே பலரும் ஒன்ராறியோ ஏரியில்தான் கரைக்கிறார்கள், அதில் ஒரு குறையுமில்லை என்று ஐயர் எடுத்துச் சொன்னார். தவமணி கேட்கவில்லை.

"அது நல்ல தண்ணி ஐயா. உப்பில்லாத தண்ணியிலை விட்டால் அவர் எங்கை போய்ச் சேருவார்?"

கனடாவின் கடற்கரையோ மாசி மாதத்தில் பனிக்கட்டியாகக் கிடக்கும். கரைத்த கையோடு மூன்று முழுக்குப் போடவேண்டும். அங்கே போய் முழுகினால் அடுத்த சாம்பல் ஸ்ரீதரனுடையதாகத்தான் இருக்கும். ஆகவே சூடான கடல் தேடினார்கள். டிக்கெட் போடுகிறவன் ஒரு வண்ணப் புத்தகம் கொடுத்தான். அதில் ஒரு பக்கம் முழுக்கப் பாறைகள். கடல் அடியை அரித்து அரித்ததில், இடுப்புச் சிறுத்துத் தலை பெருத்து, கரையோரம் நெடுக நின்றன. நடுவில் நின்றது ஆவுடையாரில் வைத்த லிங்கம் போலவே இருந்தது. தவமணி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். பிறகு கும்பிட்டார். அவ்வளவுதான், இடம் முடிவாகிவிட்டது.

புறப்படும் நாளன்று ஸ்ரீதரனைத் தகப்பனின் படத்துக்கு முன்னால் நிறுத்தி, படத்தில் கைவைத்துச் சத்தியம் பண்ண வைத்தார். சாம்பலைக் கரைத்து முழுகியதும் கடலுக்கு முதுகைக் காட்டி நடக்கவேண்டும். என்ன சத்தம் கேட்டாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்த்தால் போகிற உயிர் போக மனமில்லாமல் பின்னால் வந்துவிடும். ஸ்ரீதரன் தாய் சொல்லை ஒருநாளும் தட்டாதவன். நிரூபாவுக்கு அவனிடம் பிடித்ததும் அதுதான், எரிச்சல் வருவதும் அதில்தான். கோப்பாயில் கிணற்றடியில் வளர்ந்தவனுக்கு நீச்சலும் தெரியாது.

சாம்பல் கரைக்கவேண்டிய முப்பத்தோராம் நாள் வியாழக்கிழமை வந்தது. நிரூபா மிசிசாகாவில், விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் கிச்சனில் வேலை செய்கிறாள். காலை பிரேக்கில் பக்கத்து மேசையில் வேலை செய்யும் மேவிஸுக்கு விஷயத்தைச் சொன்னாள். மேவிஸ் அந்தத் தீவுக்காரி. பாறைகளின் பெயரைக் கேட்டதும் அவள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அங்கே ஊர்க்காரர் யாரும் இறங்கமாட்டார்கள், சும்மா கிடந்த கடல் திடீரென்று எழும்பி ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும், தன் மாமன் ஒருவர் போனதே அப்படித்தான் என்றாள். பிறகு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அந்த இடத்தில் கடலுக்கு மட்டும் ஒருபோதும் முதுகு காட்டக்கூடாதாம்.

நிரூபா போன் கார்டை எடுத்துக்கொண்டு கன்ரீன் போனுக்கு ஓடினாள். இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அமத்தினாள். கடைசியில் ஹோட்டல் பெண் கிடைத்தாள். மிஸ்டர் ஸ்ரீ சின்னப் பானை மாதிரி ஒரு மண்முட்டியோடு ஒன்பது மணிக்கே டாக்ஸியில் போய்விட்டாராம். யாரையாவது அனுப்பி அவரைத் தடுக்கமுடியுமா என்று நிரூபா கெஞ்சினாள். எதிலிருந்து தடுக்கவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டாள். திரும்பிப் பார்க்கச் சொல்லவேண்டும் என்பதை இங்கிலிஷில் எப்படி விளங்கப்படுத்துவது? தான் சொன்னது நிரூபாவுக்கே பைத்தியக்காரத்தனமாகத்தான் கேட்டது.

சூப்பர்வைசரிடம் தலையிடி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ் ஊர்ந்தது, ஸ்ட்ரீட்கார் ஒவ்வொரு தரிப்பிலும் நின்று நின்று வந்தது. இந்தச் சனமெல்லாம் இன்றைக்குத்தானா இறங்கி ஏறவேண்டும் என்று அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாமியை நினைக்க நினைக்க அது கூடியது. படத்தைப் பார்த்துப் பாறை பிடித்தாராம் மனிசி.

வீட்டுக்குள் போனதும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தவமணி, ஸ்ரீதரன் திரும்பி வந்தபின் ஞாயிற்றுக்கிழமை வைத்திருந்த கிரியைக்கு உழுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடிந்ததும் சுளகைக் கீழே வைத்தார்.

"உங்கடை சத்தியத்தை அவர் மீறமாட்டார் மாமி," என்றாள் நிரூபா. "செத்தாலும் மீறமாட்டார்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது. தவமணி எழும்பிப் போய்ப் போனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். எதிரே இராசரத்தினத்தின் படம், அதன் முன் சின்ன விளக்கு. தவமணியின் உதடுகள் அசையத் தொடங்கின. தேவாரம் சொல்கிறார் என்று நிரூபா நினைத்தாள். இப்போது தேவாரம் ஒன்றுதான் குறைச்சல் என்றும் நினைத்தாள்.

ஒரு மணி, இரண்டு மணி. ஹோட்டலுக்கு எடுத்தால் ஆள் வரவில்லை என்ற ஒரே பதில். மூன்று மணிக்குப் போன் அடித்தது. நிரூபா பாய்ந்து எடுத்தாள். விட்பியில் இருக்கும் சொந்தக்காரி பேபி அன்ரி. கிரியைக்கு வடை சுட்டுக்கொண்டு வரட்டோ, மோதகம் போதுமோ என்று ஆற அமரக் கேட்டார். லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாவே என்று நிரூபா பல்லைக் கடித்தாள். வடையோ மோதகமோ எதையாவது கொண்டுவாருங்கோ என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒருவரும் எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு கிரியையா இரண்டா என்ற யோசனை வந்ததும் அவள் குசினிக்குள் போய் முகத்தைக் கழுவினாள்.

ஐந்து மணியாகப் பத்து நிமிடம் இருக்கும்போது மறுபடி அடித்தது.

"நிரூ, நான்தான்."

அவளுக்கு முதலில் அழுகைதான் வந்தது. "திரும்பிப் பாத்தனீங்களோ?" என்று கத்தினாள்.

அந்தப் பக்கம் குரல் தாழ்ந்தது. "பாத்திட்டனப்பா. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை."

சாம்பலைக் கரைத்து, முழுகப் பயந்து அந்த மண்முட்டியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டு, அவன் திரும்பி நடந்திருக்கிறான். டாக்ஸிக்காரன் மேலே நின்று கத்தினான். அலை இரைந்தது. அவன் சத்தியப்படி நடந்தான். பிறகு இரைச்சல் சட்டென்று நின்றுவிட்டது.

"என்ன சத்தம் கேட்டாலும் பாக்காதை எண்டுதானே அம்மா சொன்னவ. சத்தமே இல்லாமல் போச்சுது நிரூ. அதுதான் பாத்தன்."

கடல் பின்வாங்கி, ஒரு வீட்டு உயரத்துக்கு எழும்பி நின்றதாம். பக்கத்தில் நின்ற லிங்கப் பாறையின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மண்முட்டி போயிற்று, செருப்புப் போயிற்று, முழங்கால் கிழிந்துவிட்டது. டாக்ஸிக்காரன்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

"காலிலையோ? எத்தினை இழை தைச்சவை?" என்று நிரூபா கேட்டுக்கொண்டிருக்கும்போதே தவமணி கையை நீட்டினார். அவள் ரிசீவரைக் கொடுத்தாள்.

"மோனே, எல்லாம் முறைப்படி செய்தனியோ?"

"ஓமம்மா."

"திரும்பிப் பாக்கேல்லையே?"

"சத்தியமாப் பாக்கேல்லையம்மா."

பக்கத்தில் நின்ற நிரூபாவுக்கும் அது கேட்டது. தவமணி எதிரே இருந்த படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி ராசா. காலைத் தண்ணி படாமல் வைச்சிரு."

ரிசீவரை மருமகளிடம் கொடுத்துவிட்டு, நெடுநேரம் இருந்து மரத்துப்போன கால்களோடு மெல்ல எழும்பிப் படத்துக்குக் கிட்டப் போனார். விளக்குத் திரியைச் சற்று உயர்த்தினார்.

"பிள்ளை திரும்பிப் பாத்தவன்," என்று படத்துக்குச் சொன்னார். "அவனோடை கோவிக்காதேங்கோ. செய்த பிழையெல்லாம் என்ரை. நிரூ வந்து சொன்ன நேரம் துடக்கம், பாரடா, திரும்பிப் பாரடா எண்டு நான்தான் இஞ்சையிருந்து அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தனான்."