எப்ராயிம் கோல் எழுதிய கடிதங்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் வேறொரு கதையிலிருந்து ஒரு சிறுமியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். வந்து ஒரு குவளை மோர் கொடுத்துவிட்டுப் போகிறவள், இரண்டே வரி. கதைக்கு அவள் வேண்டியிருக்கவில்லை. அடித்த வரியில் இருந்தவர்கள் எங்கே போவார்கள் என்ற யோசனை அன்றிலிருந்து என்னை விடவில்லை. பயமாகவும் இருக்கிறது.

2

‘1873 மார்ச். உறைந்த ஆறு உருகத் தொடங்கியிருந்த’

(வேண்டாம். எல்லாரும் வானிலையில்தான் தொடங்குகிறார்கள்.)

‘ஆசா கிரிட்லிக்குப் பொய் சொல்ல வராது’

(இதுவும் வேண்டாம். அவன் பத்திரிகை ஆசிரியன்.)

சரி, நேராகவே சொல்கிறேன். எங்கள் மாநிலத் தலைநகரில் கிரிட்லி ‘கூரியர்’ பத்திரிகை நடத்திவந்தான். அந்தக் காலத்தில் நாட்டின் மேல்சபைக்குப் போகும் செனட்டரை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போடுவார்கள். கிரிட்லி ஆதரித்த கர்னல் ஹாலோவேக்காக அவர்களை மிரட்ட மக்கள் குரல் வேண்டும். கிரிட்லி அதைத் தன் மேசையிலேயே தயாரித்தான். எப்ராயிம் கோல் என்றொரு விவசாயியை உண்டாக்கி, ஆற்றுக்கு அக்கரையில் குடிவைத்து, வாரம் ஒரு கடிதம் எழுதவைத்தான். ‘கர்னல் ஹாலோவேக்கு ஓட்டுப் போடாதவன் எங்கள் பக்கம் தலைகாட்ட வேண்டாம்’ என்று கோல் எழுதினால் உறுப்பினர்கள் நாற்காலியில் நெளிவார்கள். கர்னல் ஜெயித்தால் கிரிட்லிக்குத் தபால் அதிகாரி வேலை. தோற்றால் கூரியரை மூடிவிட வேண்டியதுதான்.

(அடிக்குறிப்பாக வைக்க நினைத்தது: முதல் கடிதத்தின் வரைவில், ‘என் மகள் லவீனியா உங்கள் பத்திரிகையை எனக்குப் படித்துக் காட்டுகிறாள், புருவத்துத் தழும்பைத் தடவியபடி’ என்று ஒரு வரி இருந்தது. லவீனியா கிரிட்லியின் சொந்த மகள். எட்டு வயதில் தொண்டை அடைப்பானில் போய்விட்டாள். எழுதிய கையோடு அந்த வரியை அடித்து, தாளையும் அடுப்பில் போட்டான். வேறு யாரும் பார்க்கவில்லை.)

3

நாற்பத்தொரு முறை ஓட்டெடுத்தும் இழுபறி. கர்னலுக்கு ஒரே ஓட்டு குறைந்தது. அடுத்த ஓட்டெடுப்பு மதியம் பன்னிரண்டுக்கு. பதினோரு மணிக்கு, அக்கரைத் தொகுதி உறுப்பினர் லெமுவல் போக் ஈர பூட்ஸோடு கூரியருக்குள் வந்தார்.

“என்னய்யா எடிட்டர், மூஞ்சி தொங்கிக் கிடக்கு?”

“நீங்க கர்னலுக்குப் போடுறேன்னு சொன்னா நிமிந்துரும்.”

“உங்க கோலையே கேட்டுருவோம்னு நேத்து அவர் வீட்டுக்குப் போனேன்.”

“யார் வீட்டுக்கு?” கிரிட்லி சிரித்தான்.

“எப்ராயிம் கோல் வீட்டுக்குத்தான். ‘கர்னலுக்குப் போடாத, அந்த எடிட்டர் எம் பேர்ல புளுகுறான்’னுட்டாரு.”

எதிர்க்கட்சிக்காரன் சொல்லிக்கொடுத்த நாடகம் என்று கிரிட்லி நினைத்தான். “போக், அப்படி ஒரு ஆளே கிடையாது. எல்லாம் நான் எழுதுனது.”

போக்கின் முகம் வெளுத்தது. “அப்ப நான் பார்த்தது? இந்தாங்க, பன்னெண்டு மணிக்குச் சபைக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் அப்படி யாரும் இல்லன்னு சொல்லுங்க. எனக்கும் நிம்மதி. கர்னலுக்கே போட்டுர்றேன்.”

“சொல்றேன். மானம் போனா போகட்டும்.”

போக் வாசலில் நின்றார். “அந்தப் பொண்ணையும் சேர்த்து இல்லன்னு சொல்லணும்.”

“எந்தப் பொண்ணு?”

“மோர் கொடுத்துச்சே. லவீனியா. புருவத்துல தழும்பு.”

கிரிட்லியின் இதயம்

(விடுங்கள். அதை நான் எழுதப்போவதில்லை.)

“என்னைப் பத்தி… ஏதாவது கேட்டாளா?”

“‘அப்பா ஏன் எம் பேரை மட்டும் அடிச்சாரு’ன்னு கேட்டுச்சு. கோலைத்தான் சொல்லுதாக்கும்னு நெனச்சேன்.”

4

ஒரு முடிவு: கிரிட்லி சபைக்குப் போய், அப்படி யாரும் இல்லை என்கிறான். கர்னல் ஜெயிக்கிறார். தபால் அதிகாரி கிரிட்லி, அக்கரையிலிருந்து வரும் கடிதங்களை மட்டும் கையால் தொடுவதில்லை.

இன்னொன்று: உருகும் ஆற்றின் மேல் நடந்து அக்கரைக்குப் போகிறான். பாதி ஆறுவரை எழுதினேன். காலடியில் விரிசல் ஓடும் சத்தம் எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டேன்.

இரண்டில் ஒன்றை அடித்தாக வேண்டும். எனக்குத் தைரியமில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே என் மேசையில் ஒரு குவளை மோர் இருக்கிறது. நுரை இன்னும் அடங்கவில்லை. இந்த வீட்டில் நான் தனியாள்.

ஆகவே நீங்களே சொல்லுங்கள். பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிடம். இந்தப் பக்கம் சபை, அந்தப் பக்கம் ஆறு. கிரிட்லி தொப்பிகூடப் போடாமல் தெருவில் நின்று உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.