சிமிட்டாத வில்லன்

எடிட்டரம்மாவிடம் ஒரு தொழில் ரகசியம் உண்டு. வில்லன் கண் சிமிட்டக் கூடாது. சிமிட்டுகிற இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து வெட்டி எறிந்துவிட்டால், எப்பேர்ப்பட்ட சாதுவும் திரையில் ராட்சசனாகிவிடுவான். கதாநாயகன் மட்டும் ஆசைதீரச் சிமிட்டிக்கொள்ளலாம்.

இந்த விண்வெளிப் படத்தில் அந்த வேலையை அவள் கொஞ்சம் கூடுதல் அக்கறையோடு செய்தாள். கோள்களைப் பொசுக்கும் கொடுங்கோலனாக நடித்திருந்தவன் அவள் கூடப்பிறந்த தம்பி. ஆறு மாதமாக அவனோடு பேச்சு இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த கடைசி நாளன்று இந்தப் பெரிய துரை படப்பிடிப்பில் இருந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து நின்றார். “பெத்தவளைவிட வேஷம் பெருசாப் போச்சு அவனுக்கு” என்று அவள் சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லிவிட்டாள். சித்தியும் மாமாவும் அன்றிலிருந்து அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவனும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு அவன் பேரில், பேச என்ன இருக்கிறது என்று அவளும் இருந்துவிட்டாள்.

இன்று காலை இயக்குநர் உச்சக்காட்சியைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். நண்பனை இழந்து, கப்பலை இழந்து, மூன்று சூரியன்களைத் தாண்டி வந்த கதாநாயகன், கடைசியில் வில்லனைக் கொல்லாமல் துப்பாக்கியைத் தாழ்த்துகிறான்.

“ஏன் விடறான்னே புரியலைம்மா. இவ்வளவு தூரம் வந்தது இந்த மரக்கட்டையை மன்னிக்கவா? அவன்கிட்ட ஏதோ ஒண்ணைப் பார்த்திருக்கணும். மத்த டேக்கையெல்லாம் ஒரு தடவை பாருங்களேன். கிடைக்கலைன்னா சுட்டுத் தள்ளிட்டுப் போயிடலாம்.”

அவருக்கென்ன, சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார்.

அவள் வேண்டாவெறுப்பாகப் பதிவுகளைத் திறந்தாள். கிளாப் பலகையில் இருந்த தேதியைப் பார்த்தாள். அம்மா போன அதே நாள்.

தம்பிக்கு முகமெல்லாம் ரப்பர். கண் மட்டும்தான் அவனுடையது. முதல் டேக்கில் “கட்” என்ற குரலுக்குப் பிறகும் கேமரா சில நொடிகள் ஓடியது. அந்த வாலை அவள் வழக்கமாகப் பார்ப்பதே இல்லை. இன்று பார்த்தாள். இரும்பு நகங்களோடு நின்றவன் மேக்கப்காரர் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, என் போன்ல அக்கா கூப்பிட்டாங்களா?”

“இல்லப்பா.”

மூன்றாவது டேக் முடிவிலும் அதே கேள்வி, அதே பதில். ஏழாவதில் அவன் கேட்கவில்லை, வெறுமனே பார்த்தான். மேக்கப்காரர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

அம்மா போன அன்று காலை அவன் அவளைப் போனில் கூப்பிட்டிருந்தான். “கிளம்பி வரட்டுமாக்கா?” என்று கேட்டிருந்தான். வருகிறவன் கேட்டுக்கொண்டா இருப்பான் என்று இவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒண்ணும் அவசரமில்ல. நீ உன் வேலையைப் பாரு. தேவைப்பட்டா நானே கூப்பிடறேன்” என்று வெடுக்கென்று வைத்துவிட்டாள். மத்தியானம் டாக்டர் கையை விரித்தபோதும் வீம்பு அவனைக் கூப்பிட விடவில்லை. ஊருக்கெல்லாம் கதை சொன்னபோது இந்த இடத்தை மட்டும் நேக்காக வெட்டிவிட்டிருந்தாள். தொழில்காரி அல்லவா! வெட்டிய தடமே தெரியவில்லை, அவளுக்கும்கூட.

வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, ஏழாவது டேக்கின் அந்த வாலை எடுத்து உச்சக்காட்சியில் பொருத்தினாள். துப்பாக்கி முனையில் வில்லன் ஒரே ஒரு முறை, மெதுவாகக் கண் சிமிட்டினான்.

இயக்குநர் வந்து பார்த்தார். “அட! இதை எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தீங்க?”

அவள் படிக்கட்டுக்கு வந்து தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

“சொல்லுக்கா. டப்பிங் ஏதாவது பாக்கியா?”

“இல்லடா. அன்னைக்கு அவசரமில்லைன்னு சொன்னது நான்தானே. அதை நான் யார்கிட்டயுமே சொல்லலை.”



“தெரியும்க்கா,” என்றான். “நானும் சொல்லலை.”