அமாபெல் வாய் திறக்காத மதியம்

அமாபெல் சீமாட்டி கணவனைப் புதைத்த கையோடு எங்கள் கன்னிமடத்துக்கு வந்துவிட்டாள். அவளுடைய நிலத்தின்மேல் கண்வைத்து ட்ரோகோ பிரபு அவளைக் கட்டிக்கொள்ளத் துடித்தான். அவள் அண்ணன் ஃபல்க்கும் அதற்கு உடந்தை. ஒரு வருஷம் சோதனையில் தேறித் துறவு முக்காடு வாங்கிவிட்டால் பிறகு எவனும் அவளைத் தொட முடியாது.

தேறுவதுதான் பெரும்பாடு. சாப்பாட்டு மேசையில் எங்களுக்குப் பேச்சே கிடையாது, எல்லாம் கைச்சாடைதான். உள்ளங்கையை வால்போல ஆட்டினால் மீன் என்று அர்த்தம். அமாபெல்லோ யார்க் நகரத்திலிருந்து குதிரையில் வந்த வழியெல்லாம் வாய் ஓயாதவள். இரண்டு தடவை மாட்டிக்கொண்டாள். மூன்றாவது தடவை பேசினால் வெளியே போக வேண்டியதுதான் என்று மடத்துத் தலைவி ஹாவிஸ் சொல்லிவிட்டார். அவர் முப்பது வருஷமாக விதி பிசகாதவர். சமையற்கட்டுக்காரி நான் என்ன செய்வேன், அந்த வாயாடிக்காகத் தினமும் வேண்டிக்கொண்டேன்.

சோதனை வருஷத்தின் கடைசி நாள் மதியம் பார்லிக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தேன். ஃபல்க்கும் ட்ரோகோவும் சேற்றுக் காலோடு உள்ளே வந்து நின்றார்கள். நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள், படுபாவிகள்.

"என்ன தங்கச்சி, கிளம்பலாமா? கல்யாணம் வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லு, போயிடறோம். சொல்லலைன்னா உனக்கு இஷ்டம்னு எடுத்துக்குவேன்," என்றான் ஃபல்க்.

அமாபெல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. பிறகு ட்ரோகோவைக் காட்டினாள், மீன் சாடை போட்டாள், மூக்கைப் பொத்தினாள், சாக்கடைப் பக்கம் கையை நீட்டினாள்.

மேசை முழுக்கச் சத்தமில்லாமல் சிரிப்பில் குலுங்கியது. நான் அகப்பையைக் கீழே போட்டுவிட்டேன்.

"இதென்ன கூத்து? ஒரு வார்த்தைகூட என் காதுல விழலையே," என்று ஃபல்க் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"எங்க காதுல விழுந்துச்சு."

பேசியது தலைவி ஹாவிஸ். எழுந்து நின்றிருந்தார்.

"அழுகின மீன் வேண்டாம்கிறா. இருபது பேர் கேட்டோம். எந்த பிஷப் முன்னாடி வேணும்னாலும் வந்து சொல்றோம். கையை எடுப்பா. குன்னில்ட், நீ போய்க் கதவைத் திற."

திறந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கதவையும் திறந்ததில்லை.

மறுநாள் அமாபெல் முக்காடு வாங்கினாள். மேசையில் பேசியதற்குத் தலைவி தனக்குத்தானே தண்டனை போட்டுக்கொண்டு, தரையில் உட்கார்ந்து காய்ந்த ரொட்டியும் தண்ணீரும் சாப்பிட்டார். அமாபெல் விருந்துத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. தலைவி அவளை ஒருமுறை பார்த்தார். ரொட்டியைப் பிய்த்து, பெரிய துண்டை அவளிடம் நீட்டினார்.