ஒன்றரை அங்குலத் தார்

மலாய் நாட்டில் கோப்பெங்கைத் தாண்டியிருந்த பாசிர் தெராப் பட்டணத்தின் நகர மன்றத்தில் கெர்ட்ரூட்டுக்கு முன் பெண் உறுப்பினர் யாரும் இருந்ததில்லை. 1981இல் தொழிற்சங்கத்தின் சார்பில் அவளை நியமித்தபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை இருபத்திரண்டு வருடம் அதே மன்றத்தின் ரோட்டு வேலையில் கல் சுமந்தவள். ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுப் பால்வெட்டு நின்றபோது, தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்தவர்களில் பாதிப் பேர் அந்த வேலைக்குத்தான் வந்தார்கள். அவள் கணவன் லூயிஸ் இன்னும் அங்கே ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தான்.

மறு வருடக் கடைசி மழையில் பட்டணத்துத் தெருக்கள் பெயர்ந்துபோயின. சந்தைத் தெருவான ஜாலான் பாசாரில் ஒரு மீன் லோரி பள்ளத்தில் இறங்கி இரண்டு நாள் கிடந்தது. ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் தலைவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். மன்றம் கடன்பத்திரம் வெளியிட்டு எட்டு லட்சம் வெள்ளி பணம் திரட்டும். இருபத்தாறு தெருக்களைச் செப்பனிடும். கடனைப் பத்து வருடத்தில் அடைக்கும். அதற்காக வீட்டு வரியும் கடை வரியும் கொஞ்சம் ஏறும். பட்டியலில் இருபதாவதாக இருந்தது கெர்ட்ரூட்டின் தோட்டத்து ரோடு.

மார்க்கெட் முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த நஜ்முதீன் முதலில் எழுந்து எதிர்த்தார். “இருக்கும் வரியையே கட்ட முடியவில்லை, இதில் கடன் வேறா?” என்று மலாயில் கேட்டார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் ஐந்து பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு என்று நின்றது. எல்லாரும் கெர்ட்ரூட்டைப் பார்த்தார்கள்.

கை தூக்குவதற்குத் தயாராகத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் முன்னால் இருந்த வரைபடத்தில் அவள் கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

“தார் எத்தனை அங்குலம்? அடியில் கல் எவ்வளவு?” என்று கேட்டாள்.

“ஒன்றரை அங்குலம். பழைய ரோட்டின் மேலேயே போடுகிறோம்,” என்றார் இளம் எஞ்சினியர்.

“அப்படியானால் அடுத்த கூட்டம் வரை தள்ளி வையுங்கள்.”

யாரோ சிரித்தார்கள். “புரியவில்லையென்றால் சொல்லுங்கள், விளக்குகிறோம்.”

“புரிந்ததால்தான் கேட்கிறேன்,” என்றாள் கெர்ட்ரூட். அவள் கை இல்லாமல் தீர்மானம் நிறைவேறாது; தலைவர் தள்ளி வைத்தார்.

விஷயம் அவளுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டது. லூயிஸ் வாசலிலேயே நின்றான்.

“நம்ம ரோடு லிஸ்ட்டுல இருக்கு. எத்தன வருஷமா சேத்துல நடக்கறோம்! கையத் தூக்கிட்டு வர வேண்டியதுதான லா?”

“ஒன்றரை அங்குலங்க. கல்லு இல்ல, தண்ணி ஓட லோங்காங் இல்ல. நீங்களே சொல்லுங்க, எவ்ளோ நாளு நிக்கும்?”

லூயிஸ் வாசல் சேற்றைக் காலால் தள்ளினான். “ரெண்டு மழ தாங்கும்.”

“கடன் பத்து வருஷம்.”

அந்த வாரம் தண்ணீர்க் குழாய் பதிக்க இரண்டு தெருக்களில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று பள்ளிக்கூடத்து ரோடு. 1964இல் கெர்ட்ரூட்டின் வேலைக் கூட்டம் கல் அடுக்கிப் போட்டது. மற்றது இரண்டு வருடத்துக்கு முன் ஒரு குத்தகைக்காரர் மேலாகத் தார் ஊற்றிய தெரு. வெட்டி எறிந்த துண்டுகளில் தெருவுக்கு ஒன்றாகக் கேட்டு வாங்கினாள். சாக்கில் கட்டி மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்தது லூயிஸ்தான். மன்றத்து வாசலில் இறக்கி வைத்துவிட்டு, “தைரியமா பேசு,” என்றான்.

அடுத்த கூட்டத்தில் பளபளத்த மேசையில் செய்தித்தாளை விரித்து இரண்டு துண்டுகளையும் வைத்தாள். தலைவர் முகம் சுளித்தார். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். அவளுடைய மலாய் சந்தையில் கற்ற மலாய். அதில்தான் பேசினாள்.

“இந்தத் துண்டுக்குப் பத்தொன்பது வயது. உடைத்துப் பாருங்கள்.”

இரண்டு பேர் முயன்றார்கள். உடையவில்லை. மற்றதைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அது தாளின்மேல் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“இதற்கு வயது இரண்டு. நீங்கள் கேட்கும் கடன் பத்து வருடம். ரோடு போன பிறகும் எட்டு வருடம் ஜனங்கள் வரி கட்டுவார்கள். கடன் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கடன் தீரும்வரை நிற்கிற ரோட்டைப் போடுங்கள். எப்படிப் போடுவது என்று தெரிந்தவர்கள் வெளியே மன்றத்துச் சம்பளத்தில்தான் வேலை செய்கிறார்கள்.”

எஞ்சினியர் எழுந்தார். “இந்த அம்மா சொல்வது சரி. இருபத்தாறு தெருவையும் இந்தத் தொகைக்குள் அடக்கச் சொன்னார்கள், அடக்கினேன். முறையாகப் போட்டால் பதினோரு தெருதான் முடியும்.”

பதினோரு தெரு. தோட்டத்து ரோடு இருபதாவது.

நஜ்முதீன் அவள் பக்கம் சாய்ந்து தமிழில் சொன்னார்: “அக்கா, ஒங்க ரோடு போயிரும். அத உள்ள வைக்கச் சொல்லி நான் கேக்கறேன் லா.”

அவள் மறுத்துத் தலையாட்டினாள். “வேணாம் தம்பி. பஸ்ஸு போற ரோடு, ஆஸ்பத்திரி ரோடு, பாசார் ரோடு. அதெல்லாம் மொதல்ல.”

பதினோரு தெருவுக்கு என்று தலைவர் தீர்மானத்தைத் திருத்தினார். திருத்திய தீர்மானத்துக்கு முதலில் உயர்ந்த கை நஜ்முதீனுடையது. ஒன்பதுக்கு இரண்டு என்று நிறைவேறியது. வேலையை மன்றத்துத் தொழிலாளர்களே செய்வார்கள் என்றும் எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் பெட்ரீசியா அவளை மறித்தாள். லயத்தில் அடுத்த வீடு, ரோட்டு வேலையில் பல வருடம் கூடவே கல் சுமந்தவள். “நம்ம ஆளு உள்ள ஒக்காந்திருந்தும் நமக்கு ரோடு இல்ல. நல்லா இருக்கு!”

கெர்ட்ரூட் சேற்று ரோட்டில் வீட்டுக்கு நடந்தாள்.

ஜாலான் பாசாரில் வேலை தொடங்கியது. பெட்ரீசியாவும் அதில்தான் இருந்தாள். பழைய தாரைப் பெயர்த்து, ஒன்பது அங்குலம் கல் அடுக்கி, இருபுறமும் லோங்காங் கட்டினார்கள். எஞ்சினியர் வெயிலில் தொப்பியோடு நின்று, கல் அடுக்குவதைப் பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். நஜ்முதீன் தினமும் ஒரு பெரிய கெண்டி நிறையப் பாலில்லாத தே ஓ தேநீர் கொடுத்தனுப்பினார். அந்த வருடக் கடைசி மழையில் கடைக்காரர்கள் கடை முன்னால் கூரையிட்ட ஐந்தடிப் பாதையில் நின்று, தண்ணீர் தெருவில் தேங்காமல் ஓடுவதை வேடிக்கை பார்த்தார்கள். அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் ஒரு பள்ளம் விழவில்லை.

பள்ளங்களுக்கு ஒட்டுப்போடும் செலவு மிச்சமானதால், 1986இல் தோட்டத்து ரோட்டையும் கடன் இல்லாமலே போட்டார்கள். ரோலர் ஓட்டியது லூயிஸ். கல்லின் உயரத்தைக் கெர்ட்ரூட் தானே குச்சி நட்டு அளந்தாள். அரை அங்குலம் குறைந்த இடத்தில், சொந்த ரோடு என்றும் பாராமல் மறுபடி அடுக்கச் சொன்னாள்.

அது முடிந்த மாதம் ஈப்போவிலிருந்து சில அதிகாரிகள் ஜாலான் பாசாரைப் பார்க்க வந்தார்கள். ஓரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த பெட்ரீசியாவிடம் ஒரு தமிழ் அதிகாரி கேட்டார்: “இது எந்தக் கம்பெனி போட்ட ரோடும்மா?”

பெட்ரீசியா நிமிர்ந்தாள். “கம்பெனியா? நாங்க போட்டது சார். பேரு எழுதணும்னா எழுதிக்குங்க, முப்பத்தோரு பேரு.”

கெர்ட்ரூட்டின் பெயரைத்தான் அவள் முதலில் சொன்னாள்.