மெஸ்ஸா, சமையலறையா

என் அக்கா மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்றே வீட்டில் சண்டை தொடங்கிவிட்டது. எந்தப் படிப்பு என்பதில் இல்லை, எந்த விடுதி என்பதில். அங்கே இரண்டு விடுதிகள். ஒன்றில் மெஸ் உண்டு, மூன்று வேளையும் போட்டுவிடுவார்கள். இன்னொன்றில் மாடிக்கொரு சமையலறை, அவரவர் பாட்டை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் விஷயத்தைக் கேட்டுவிட்டு, இதற்கா இப்படி மல்லுக்கட்டுகிறீர்கள் என்று சிரித்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

எங்கள் வாலு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தாள். வாலு என்பது நான் வைத்த பெயர், ஒரு காலத்தில் அதற்குப் பொருத்தமாகவும் இருந்தாள். இப்போதுதான் சாப்பிட்டேன், அப்புறம் சாப்பிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லியே துரும்பாகிவிட்டாள். கடைசியில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிவந்தது. இது கொழுப்பும் இல்லை, அடமும் இல்லை, நோய் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. இப்போது தேறிவிட்டாள். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது, பேச்சில் பழைய குறும்பு எட்டிப்பார்க்கிறது. ஆனால் முழுசாகக் குணமாகிவிட்டது என்று டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் நம்பவில்லை.

சாப்பிடும்போது அவளை முறைத்து முறைத்துப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அக்காவிடம் எதைச் சொன்னாலும் அதைச் சட்டமாக்கிவிடுவாள். அன்று முதல் அந்த வீட்டில் வாலுவின் தட்டை யாரும் ஏறெடுத்துப் பார்க்கக் கூடாது. அத்தான் அணைத்து வைத்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். நான் போனால் எனக்குச் சுவர்க் கடிகாரம். அவள் எழுந்து கைகழுவப் போன மறுநொடி அக்கா ஒரே பாய்ச்சலில் தட்டை எட்டிப் பார்ப்பாள். பாவம், அவளும் என்னதான் செய்வாள்?

இந்த நிலைமையில் மெஸ்தான் என்று அம்மாவும் சமையலறைதான் என்று மகளும் ஒற்றைக் காலில் நின்றார்கள். நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பயிற்சிக் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, அதை மிதித்து மிதித்துத்தான் என் பிழைப்பு நடக்கிறது. அதனாலோ என்னவோ, குடும்பத்தில் யாரும் யாரோடும் முட்டப்போனால் நடுவில் என்னை உட்காரவைத்துவிடுவார்கள். விடுதிகளை நேரில் பார்த்துவிட்டு அன்று மாலைக்குள் விடுதி அலுவலகத்தில் முடிவைச் சொல்லிவிட வேண்டும். அம்மா வந்தால் நான் வரமாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டதால் கூடப் போகிற வேலை என் தலையில் விழுந்தது.

கிளம்பும்போது அக்கா என்னைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

“எப்படியாவது மெஸ்லயே சேத்துட்டு வந்துரு. மூணு வேளையும் அவ முன்னாடி தட்டு வரும், சுத்தி நாலு பேர் இருப்பாங்க. தனியா விட்டா அவ அடுப்பே பத்த வைக்கமாட்டா.”

சரி என்றேன். காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மகள் ஆரம்பித்தாள். அத்தனை பேர் நடுவில் தனக்குத் தொண்டையில் இறங்காதாம். எதில் என்ன போட்டிருக்கிறது என்று தெரிந்து, தன் கையால் சமைத்துச் சாப்பிட்டால் பயமில்லையாம். அம்மாவிடம் நீதான் பேச வேண்டும் சித்தி என்று கெஞ்சினாள். அதற்கும் சரி என்றேன். என்ன செய்வது, யார் பேசினாலும் எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. ஓட்டுநர் பயிற்சி என்று கொட்டை எழுத்தில் எழுதிய காரைப் பார்த்துவிட்டு ரோட்டில் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். உள்ளே உட்கார்ந்திருந்த எனக்குத்தான் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை.

முதலில் மெஸ்ஸுக்குப் போனோம். மத்தியான நேரம், தட்டுச் சத்தமும் பேச்சுச் சத்தமுமாகக் கூடம் இரைந்துகொண்டிருந்தது. வாலு வாசலைத் தாண்டவில்லை, முகம் வெளிறிவிட்டது. நீ போய்ச் சாப்பிடு, நான் அப்புறம் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். வற்புறுத்தக் கூடாது என்பது வீட்டுச் சட்டம், அதனால் நான் மட்டும் வரிசையில் நின்றேன். சாப்பாடு ஒன்றும் மோசமில்லை. உருளைக்கிழங்கில் உப்புத் தூக்கல், அவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்து சுற்றிலும் கவனித்தேன். பிள்ளைகள் ஃபோனைப் பார்த்தபடி பாதி தின்றுவிட்டு, மீதியோடு தட்டைக் கொண்டுபோய் ஒரு ஜன்னலில் தள்ளிவிட்டுப் போனார்கள். உள்ளே இருந்து ஒரு கை வந்து தட்டை இழுத்துக்கொண்டது. அக்கா சொன்ன நாலு பேர் என்ன, நானூறு பேர் இருந்தார்கள். யாரும் யார் தட்டையும் பார்க்கவில்லை.

அடுத்த விடுதியில் மூன்றாவது மாடியில் இருந்தது சமையலறை. சின்ன அறைதான். நாலு அடுப்பு, அதற்கு மேலே ஒரு ஜன்னல், தொட்டியில் யாரோ போட்டுவிட்டுப் போன பாத்திரங்கள். ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு அடுக்கு என்று கலர் கலராக டேப் ஒட்டியிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் வாணலியில் பீன்ஸைக் கருக்கிக்கொண்டிருந்தாள். புகையில் கண்ணாடி மங்கிப்போய் எதுவும் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தவளை விலக்கிவிட்டு, எங்கள் வாலு அடுப்பைத் தணித்தாள், தண்ணீர் தெளித்தாள், கரியை ஒதுக்கினாள். இரண்டும் சேர்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்தச் சிரிப்பை நான் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. உப்பு சரியா பார் என்று கண்ணாடிக்காரி ஸ்பூனை நீட்டினாள். நான் பழக்கதோஷத்தில் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் முடிவு அங்கேயே ஆகிவிட்டது. வாலுவைச் சுற்றிப் பார்க்கச் சொல்லிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவுக்கு ஃபோன் போட்டேன். அவள் கத்தினாள், நானும் கத்தினேன். மெஸ்ஸில் யாரும் யாரையும் சீந்துவதில்லை, இங்கேதான் இவளுக்கு உயிர் வந்திருக்கிறது என்று விடாமல் வாதாடினேன். அக்கா அழுதாள். கடைசியில் மூக்கைச் சிந்திவிட்டு, சரி, ஏதாவது ஆனால் நீதான் பொறுப்பு என்றாள்.

அலுவலகத்தில் இருந்த பெண்மணி எந்த விடுதி என்று கேட்டதும், ஏதோ கோட்டையைப் பிடித்த மாதிரி, சமையலறை உள்ள விடுதி என்றேன். பக்கத்திலிருந்து வாலு, “மெஸ்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பெண்மணி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே போய்ப் பேசி முடித்துவிட்டு வாருங்கள் என்றார். வாசலில் ஒரு பெஞ்ச் இருந்தது. உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். உனக்காக உன் அம்மாவிடம் இவ்வளவு பேச்சு வாங்கியிருக்கிறேன், கடைசி நேரத்தில் என்னை முட்டாளாக்குகிறாயா என்று எகிறினேன். அவள் என் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

“அந்தக் கண்ணாடி போட்ட அக்கா ஸ்பூனை நீட்டினாங்கல்ல, நான் சாப்பிடல சித்தி. இப்பதான் மெஸ்ல சாப்பிட்டேன்னு மெதுவாச் சொன்னேன். உடனே நம்பிட்டாங்க. நீ ஜன்னலைப் பாத்துட்டு இருந்த.”

நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

“அவ்வளவு ஈஸியா இருந்துச்சு. அந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஏன் பிடிச்சுதுன்னு யோசிச்சேன். அங்க என்னை யாரும் கேக்கமாட்டாங்க. அதுக்காகத்தான் இத்தனை நாளா அம்மாகூடச் சண்டை போட்டிருக்கேன். எனக்கே இப்பதான் தெரியுது.”

மெஸ்ஸில் மட்டும் யார் கேட்கப்போகிறார்கள் என்றேன். என் கண்ணால் பார்த்ததைச் சொன்னேன். அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. நான் படியில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்த நேரத்தில் அவள் பின்பக்கப் படி வழியாக இறங்கித் தனியாக மெஸ்ஸுக்குத் திரும்பிப் போயிருக்கிறாள். பரிமாறி முடித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்த மெஸ் பொறுப்பாளரிடம், எனக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது, தினமும் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடலாமா, நான் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். வீட்டில் ஒரு நாளும் நோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லாதவள், முன்பின் தெரியாத ஒருத்தரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

“என்ன சொன்னாங்க?”

“தாராளமா வான்னாங்க. ஆனா நான் சாப்பிடும்போது வாய் ஓயாமப் பேசுவேன், பரவால்லையான்னு கேட்டாங்க.”

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. நடுரோட்டில் வண்டி நின்றாலும் அழாதவள் நான், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து துப்பட்டாவை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதேன். இவளுக்கு எது நல்லது என்று அக்காவும் நானும் போட்டிபோட்டு முடிவு செய்துகொண்டிருந்தோம். அவளோ யார் கையையும் பிடிக்காமல் போய், தனக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கிவந்துவிட்டாள். பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அக்காவிடம் நான் சொல்லமாட்டேன், நீயே சொல் என்று ஃபோனை அவளிடம் கொடுத்தேன். அக்கா அதற்குள் மனதைத் தேற்றிக்கொண்டு, என்னென்ன பாத்திரம் வாங்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டாள். அவள் குரல் எனக்கும் கேட்டது. மகள் அதை நிறுத்தி, மெஸ்ஸிலேயே சேர்கிறேன் என்றாள். அப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“அம்மா, நான் இன்னைக்கு மத்தியானம் சாப்பிடல.”

தொலைந்தோம் என்று நினைத்தேன். பிள்ளையைப் பட்டினி போட்டாயா என்று அக்கா என்னை உண்டு இல்லை என்று ஆக்கப்போகிறாள் என்று காத்திருந்தேன். ஆனால் மெதுவாக, பயந்து பயந்து, அக்காவின் குரல் வந்தது.

“பசிக்குதாடி?”

வயிற்றைக் கேட்டுச் சொல்கிறவள் போல வாலு ஒரு கையை அங்கே வைத்துக்கொண்டாள்.

“பசிக்குதும்மா.”

அந்த ஒரு வார்த்தையை அவள் வாயால் கேட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நான் ஃபோனை வாங்கி வைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மெஸ் இருந்த பக்கம் ஓடாத குறையாக நடந்தேன். அலுவலகத்துப் பெண்மணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, எந்த விடுதி என்று முடிவாகிவிட்டதா என்று கேட்டார்.

“சாப்பிட்டுட்டு வந்து சொல்றோம்” என்றாள் வாலு.