ஏழு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னது நான்தான். இன்று காலை பதினொரு மணிக்கு என் கணவரிடம், "எனக்கென்ன தெரியும் இதெல்லாம்" என்றேன். எனக்குத் தெரியும். இனி வரும் எல்லாமே அந்த மூன்று சொல்லைச் சுற்றித்தான்.

இப்போது மதியம் மூன்று. அவர் கடைக்குப் போயிருக்கிறார். நான் தட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பக்கவாட்டுக் கதவு கழற்றிச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. போட்டால் மூடாது. ஏன் மூடாது என்பதை இங்கேயே சொல்லிவிட்டால் பாதிக் கதை முடிந்துபோகும் என்பதால் கொஞ்சம் தள்ளிப் போடுகிறேன். (உத்தி என்று நினைக்க வேண்டாம். அலுப்பு.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அவர் ஒரு வரைவாளர். வீடுகளுக்குப் பிளான் போடுபவர். சட்டைப் பையில் எந்நேரமும் இரும்பு அளவு டேப் இருக்கும் என்பதால் அலுவலகத்தில் அவரை 'டேப்' என்றே கூப்பிட்டார்கள். அமைதியானவர், உழைப்பாளி, யாருக்கும்"

படித்துப் பார்த்தால் இரங்கல் குறிப்பு மாதிரி இருந்தது. மனிதர் நன்றாக இருக்கிறார், போகும்போது குடை எடுத்துக்கொண்டு போனார். அடித்துவிட்டேன்.

இரண்டாவது முயற்சி: "நான்கு மாதமாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் ஒருவரின் செருப்பு எவ்வளவு சுத்தமாக"

இது அனுதாபத்துக்குக் கையேந்துகிறது. இதுவும் போகட்டும்.

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். டேப்பின் வேலை போனது ஒரு படிக்கட்டால். படி திரும்பும் இடத்தில் மேலே ஒரு பீம். வரைபடத்தில் தலைக்கு மேல் இடம் இருந்தது. கட்டி முடித்து, சாந்து போட்டு, டைல்ஸ் ஒட்டிய பிறகு இல்லை. வீட்டுக்காரர் முதல் நாளே நெற்றியில் இடித்துக்கொண்டார். கட்டடத்தில் தரை மட்டம் இரண்டு: வெறும் கான்கிரீட் மட்டம் ஒன்று, எல்லாம் போட்டு முடித்த மட்டம் இன்னொன்று. டேப் முதல் மட்டத்திலிருந்து அளந்துவிட்டார். "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க" என்றார் முதலாளி. நான்கு மாதமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு நான் ஒன்று சொன்னேன். "என்கிட்ட ஒரு தடவை காட்டியிருக்கலாமே." நான் பதிப்பகத்துக்குப் பிழை திருத்துபவள், வேலை வீட்டிலிருந்துதான். வாய் சும்மா இருக்காது. அவர் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் சொன்னார்: "வீட்டுலயும் சிவப்புப் பேனாவா?"

* என் தொழிலைப் பற்றி ஒரு குறிப்பு, பின்னால் தேவைப்படும். எழுத்துப்பிழையை நாங்களே திருத்துவோம். ஆனால் ஆசிரியர் தரும் தகவலில் சந்தேகம் வந்தால் கை வைக்கக் கூடாது. சந்தேகமான இடத்தை வட்டமிட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, கீழே நம் சுருக்கொப்பத்தையும் பார்த்த தேதியையும் எழுத வேண்டும். பதில் எழுதுவது ஆசிரியரின் பாடு.

3

பத்து நாளைக்கு முன் ஒரு புதிய கம்பெனி அவருக்கு ஒரு சோதனை வேலை கொடுத்தது. இரண்டு மாடி வீடு ஒன்றை முப்பரிமாணத்தில் வரைந்து திங்கட்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். பிடித்திருந்தால் வேலை. அவர்கள் அனுப்பிய ஃபைலை எங்கள் பழைய கம்ப்யூட்டரில் திறந்தோம். திரை உறைந்தது. நான் போய் டீ போட்டு, குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன், அப்போதும் அப்படியே நின்றது.

"ப்ராசஸர் மட்டும் மாத்தினா போதும்" என்றார் டேப்.

போதவில்லை. புதிய ப்ராசஸர் பழைய மதர்போர்டில் உட்காராது, கால்களே வேறு. சரி, மதர்போர்டும் புதுசு. புதிய போர்டில் பழைய ரேம் நுழையாது, நடுவிலிருக்கும் வெட்டு அரை விரல் தள்ளி இருக்கிறது. சரி, ரேமும். வரைகலை அட்டை கேட்கிற மின்சாரத்தைப் பழைய பவர் சப்ளையால் கொடுக்க முடியாது. பட்டியல் அனுமார் வாலாக நீண்டது. பொருத்தம் என்ற சொல்லை வைத்து இங்கே ஒரு கல்யாண ஜோக் அடிக்கலாம். எல்லாரும் அடித்து ஓய்ந்துவிட்டதால் எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் டேப் உயிரோடு இருந்தார். சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். எது எதில் பொருந்தும், எது பொருந்தாது என்று அம்புக்குறி போட்டு வைத்திருந்தார். பல் தேய்க்கும்போது என்னைக் கூப்பிட்டு நுரை வாயோடு ரேமின் வேகம் பற்றிச் சொன்னார். எனக்கு எரிச்சலாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

கடைக்காரரோடு போனில் பேசியபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"சார், இந்த ப்ராசஸரோட சூட்டைத் தணிக்கிற கூலர் கூடவே வராது. தனியா எடுக்கணும். உங்க ரூம் சூடா இருக்குமா?"

"மேற்குப் பாத்த ரூம்."

"அப்ப பெருசா போட்டுக்குங்க. தகடு அடுக்கின டவர் மாதிரி இருக்கும், பக்கத்துல ஃபேன். உங்க பெட்டிக்குள்ள அவ்வளவு உயரம் இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க."

"அளவு எடுக்கறதுதான் சார் என் பொழப்பே" என்றார் டேப்.

பட்டியலில் மாற்றாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், இதெல்லாம் உள்ளே உட்காரும் பழைய இரும்புப் பெட்டி. "நல்லாத்தானே இருக்கு" என்றார்.

4

அளந்தார். வேறு யாராக இருந்தாலும் அளந்து, உள்ளங்கையில் குறித்துக்கொண்டு போயிருப்பார்கள். டேப்போ, பெட்டியைக் குறுக்கே வெட்டினால் எப்படித் தெரியும் என்று உண்மை அளவிலேயே ஒரு பெரிய தாளில் வரைந்தார். போர்டு மாட்டும் பின்சுவரிலிருந்து பக்கவாட்டுக் கதவு வரை நூற்று அறுபத்தெட்டு மில்லிமீட்டர். கூலர் நூற்று அறுபது. "எட்டு மிச்சம்" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். போன செவ்வாய்க்கிழமை அந்தத் தாளை என்னிடம் காட்டினார்.

"எப்படி இருக்கு?"

பார்த்தேன். பார்த்ததும் தெரிந்தது.

வரைபடத்தில் மதர்போர்டு பெட்டியின் பின்சுவரோடு ஒட்டியிருந்தது. நிஜத்தில் ஒட்டாது. சின்னச் சின்னப் பித்தளைக் கால்கள் மேல் நிற்கும். அந்தப் பெட்டியைத் தூசி தட்டுவது நான்தான். ஒருமுறை ஒரு திருகாணி போர்டுக்குப் பின்னால் விழுந்து, புருவம் எடுக்கும் இடுக்கியால் அதை எடுத்தேன். அந்த இடைவெளி எனக்குத் தெரியும். கால்கள், போர்டின் தடிமன், அதன் மேல் ப்ராசஸர், எல்லாம் சேர்த்துப் பதினைந்து மில்லிமீட்டராவது வரும். கூலர் சுவரிலிருந்து தொடங்குவதில்லை, அந்தப் பதினைந்துக்கு மேலிருந்துதான் தொடங்கும்.

மறுபடி அதே தரை மட்டம்.

கையில் பேனா இருந்தது. சிவப்புதான், அப்போதுதான் ஒரு அத்தியாயம் முடித்திருந்தேன்.

"அழகா இருக்கு" என்றேன்.

5

இந்த இடத்தில் எனக்கு ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம். டேப் மேல் இல்லை. "அழகா இருக்கு" என்று சொன்ன அந்தப் பெண் மேல்.

ஏன் சொல்லவில்லை? நான்கு மாதத்துக்குப் பிறகு அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று எழுதினால் வாசகர்கள் அவளை மன்னித்துவிடுவார்கள். எழுதியும் பார்த்தேன். [அந்தப் பத்தி இங்கே இருந்தது. எடுத்துவிட்டேன். அதில் பாதி உண்மை.]

மீதிப் பாதி இது. எனக்கு அலுத்துவிட்டது. பகல் முழுக்க மற்றவர்களின் பிழை, சாயங்காலம் வீட்டுப் பிழை. சொன்னாலும் முகம் தூக்கல், சொல்லாவிட்டாலும் என் தலையில்தான். ஒரே ஒரு தடவை வேறு யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். கடைக்காரர் கேட்பார், இல்லாவிட்டால் இவரே மறுநாள் கவனிப்பார். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்காது. அப்படித்தான் நினைத்தேன். கொஞ்சம் கோபமும் இருந்தது. வீட்டில் சிவப்புப் பேனா வேண்டாம் என்றீர்களே, இந்தாருங்கள்.

இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அலுப்பு மட்டும் போகவில்லை.

6

இன்று காலை எல்லாம் பொருத்தினார். நான் டார்ச் பிடித்தேன். ப்ராசஸரை வைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டார். சுவிட்சைப் போட்டதும் திரை வந்தது. இருவரும் சிரித்தோம். நானும் உண்மையாகவே சிரித்தேன். அந்த ஒரு நிமிடம் பதினைந்து மில்லிமீட்டரை மறந்திருந்தேன்.

பிறகு கதவை எடுத்து மூடினார்.

ஒரு ஓரத்தை அழுத்தினால் மறு ஓரம் கிளம்பியது. கழற்றி, திருப்பி, மறுபடி மூடினார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அளந்தார்.

"ஏழு மில்லி" என்றார்.

தரையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே குனிந்து பித்தளைக் கால்களைப் பார்த்தார், வெகுநேரம்.

"தரை மட்டம்" என்றார். "மறுபடியும் அதேதான்."

"கதவில்லாமலே ஓடும். என்ன இப்போ?"

"கம்ப்யூட்டர் ஓடும். நான்?" டேப்பை நீட்டினார், அது தானே சுருண்டு உள்ளே போனது. "சாயங்காலம் அந்தக் கம்பெனிக்கு எழுதிடறேன். வேற ஆள் பாத்துக்கட்டும். நம்பி ஒருத்தன் வீட்ட என்கிட்ட குடுக்கலாமா, சொல்லு."

கையிலிருந்த டார்ச்சை அணைத்தேன்.

"செவ்வாக்கிழமை உன்கிட்ட காட்டினேனே. உனக்கு எதுவும் தோணலையா?"

குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். அப்போதுதான் அந்த மூன்று சொல்லைச் சொன்னேன்.

"ஆமா, உனக்கு எப்படித் தெரியும்" என்றார். எழுந்து குடையை எடுத்தார். "இத விடச் சின்னக் கூலர் மாத்திக் குடுப்பாங்களான்னு கேட்டுட்டு வரேன். உனக்காவது ஆகட்டும் இந்த மிஷினு."

7

கதை இதோடு முடிந்திருக்கலாம். சோகமான, அடக்கமான முடிவு, பத்திரிகைகள் விரும்பும். ஆனால் அவர் போன பிறகு நான் சும்மா இருக்கவில்லை. அவர் அந்த வீட்டை எவ்வளவு வரைந்திருக்கிறார் என்று பார்க்க ஃபைலைத் திறந்தேன். கண் இமைக்கும் நேரத்தில் திறந்தது. உறைந்து உறைந்து நின்ற பழைய கம்ப்யூட்டரிலேயே ராத்திரியெல்லாம் உட்கார்ந்து வீட்டை முழுக்க முடித்திருந்தார்.

படிக்கட்டுக்குத்தான் முதலில் போனேன். ஒவ்வொரு படிக்கும் முடித்த தரை மட்டம் தனியாகக் குறிக்கப்பட்டிருந்தது. பீம் இருக்கும் இடத்தில் இரண்டு தடவை. பயந்து பயந்து வரைந்திருக்கிறார்.

பிறகு படிக்கட்டுக்கு அடியில் சாமான் அறை. அதற்கு ஒரு கதவு. கதவின் உயரம் இரண்டாயிரத்து நூறு மில்லிமீட்டர். கான்கிரீட்டிலிருந்து மேலே போகும் படிக்கட்டின் அடிப்பகுதி வரை இரண்டாயிரத்து நூற்று முப்பது. சாந்துக்கும் டைல்ஸுக்கும் எழுபத்தைந்து என்று அவரே பக்கத்தில் எழுதியிருக்கிறார். இந்த ஒரு கதவில் மட்டும் கழிக்க மறந்திருக்கிறார்.

நீங்கள் கழித்துப் பாருங்கள். நான் நான்கு தடவை கழித்துவிட்டேன்.

8

முடிவுகள் சில:

(அ) நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கம்பெனிக்கு எழுதிவிடுகிறார். அந்தக் கதவை யாரும் பார்க்கப்போவதில்லை. என் பொய்யும் பத்திரம். கூலர் மட்டும் சின்னதாகிறது, பெட்டி மூடிக்கொள்கிறது.

(ஆ) "பரவாயில்லை, அனுப்புங்க" என்று தைரியம் சொல்கிறேன், அவர் அனுப்புகிறார், அங்கே ஒருவர் அந்தக் கதவைப் பார்க்கிறார், பிறகு இந்த வீட்டில்

வேண்டாம். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

(இ) கதவைக் காட்டுகிறேன். அவர் சரிசெய்துவிடலாம், பத்து நிமிட வேலை. ஆனால் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார். அளவில் கெட்டிக்காரர் இல்லை என்று இப்போது தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாலும், மனிதர்களை அளப்பதில் மோசமில்லை. 'இதப் பாத்தவளுக்கு அது எப்படித் தெரியாமப் போச்சு' என்று கேட்பார். பெட்டிக் கதவைச் சொல்லாமல் சாமான் அறைக் கதவைச் சொல்ல வழியில்லை.

அவரிடம் சொல்ல என்னிடம் ஒன்று இருக்கிறது. இத்தனை வருடத்தில் இருநூறு பக்கம் பிழையில்லாமல் எழுதிய ஒரு ஆசிரியரைக்கூட நான் பார்த்ததில்லை. பெரிய பெரிய ஆட்கள். யாரும் எழுதுவதை நிறுத்தவில்லை. ஓரத்தில் கேள்விக்குறியைப் பார்த்ததும் கெட்ட வார்த்தை சொல்வார்கள், பிறகு பதில் எழுதுவார்கள். அதற்குத்தான் இன்னொரு ஜோடிக் கண். இதைச் செவ்வாய்க்கிழமை சொல்லியிருக்க வேண்டும்.

வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை. தொழில் தெரியும்.

படிக்கட்டுப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்தேன். சாமான் அறைக் கதவை வட்டமிட்டு, ஓரத்தில் கேள்விக்குறி, சுருக்கொப்பம், இன்றைய தேதி. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பெட்டியின் வரைபடத்தை எடுத்தேன். போர்டும் சுவரும் ஒட்டும் இடத்தில் ஒரு வட்டம். கேள்விக்குறி. சுருக்கொப்பம். தேதி எழுதும் இடத்தில் பேனா நின்றது. போன செவ்வாய்க்கிழமையின் தேதியை எழுதினேன்.

இரண்டு தாளையும் கீபோர்டின் மேல் வைக்கப்போகிறேன், அதனால் இதுதான் நான் தட்டும் கடைசிப் பத்தி. கீழே குடையை உதறும் சத்தம் கேட்கிறது. அவரை நீங்கள் இவ்வளவு நேரம் பார்த்துவிட்டீர்கள், என்ன செய்வார் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியலாம். நான் சமையலறையில் இருப்பேன். இரண்டு தாளிலும் ஓரத்தில் பதில் எழுத இடம் விட்டிருக்கிறேன்.