நம்பர் ஒன் குடும்ப உறுப்பினர்

எங்கள் தெருவில் என் பெயர் தெரியாதவர்கள் உண்டு. என் செல்போன் நம்பர் தெரியாத கைக்குழந்தைகூடக் கிடையாது. தெருமுனையில் மெட்ரோ தண்ணீர் லாரி வந்து நிரப்பும் கறுப்பு டேங்க் இருக்கிறதே, அதன் மேல் வெள்ளைப் பெயிண்டால் எழுதியிருக்கிறது: 'தண்ணீர் வராவிட்டால் அழைக்கவும்.' கீழே என் நம்பர். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவனுக்குத் தெரு கொடுத்த பதவி அது. குடத்தோடு வரிசையில் நிற்கிறவர்கள் வேறு எதைப் படிப்பார்கள்? பாதி ராயபுரத்துக்கு அது மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தாளம் தப்பாமல் சொல்வார்கள்.

ஆனந்தக்கூடை சூப்பர் மார்க்கெட் வரும்வரை இதனால் எனக்குப் பெருமைதான்.

திறந்த அன்றே என் மனைவி பவுனம்மாள் அங்கே போய் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டாள். என் பெயரில், என் நம்பரில், என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு. பில் போடும்போது நம்பரைச் சொன்னால் பாயிண்ட் ஏறும். பாயிண்ட் சேர்ந்தால் பரிசு. புதன்கிழமைகளில் சர்க்கரையும் எண்ணெயும் அடிமாட்டு விலைக்கு.

ஒரே ஒரு முள், மாசானம் அண்ணாச்சி. எங்கள் வீட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். ரிட்டயர் ஆனதிலிருந்து என் காலைகள் அவர் கடை வாசலில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில்தான் விடிகின்றன. ஓசிப் பேப்பர், ஓசி டீ, போகிற வருகிற எல்லார் வீட்டுக் கதையும் சுடச்சுட. கவர்னர் வந்து தன் நாற்காலியை நீட்டினாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன். அண்ணாச்சியோ சூப்பர் மார்க்கெட் திறந்த அன்றே சபதம் போட்டுவிட்டார்.

"அந்தக் கடை மஞ்சப் பையோட எவனையாவது பாத்தேன், அவன் என் கடைப் படிய மிதிக்கக் கூடாது. உம்மையும் சேத்துத்தான் சொல்லுதேன் வே."

"நானா? எனக்கு வாயில ஊத்துற கடைசி பாலுக்குக்கூட உங்க கட சக்கரதான் அண்ணாச்சி!"

அதனால் எங்கள் வீட்டுச் சாமான்கள் கடத்தல் தங்கம்போல வந்து சேர்ந்தன. மீன் விற்கும் கோவிந்தம்மா காசிமேட்டிலிருந்து திரும்பும் வழியில் ஆனந்தக்கூடைக்குள் நுழைந்து வாங்கிவருவாள். கூடையின் அடியில் மஞ்சள் பை, அதன் மேல் கோணி, கோணியின் மேல் சங்கரா மீன். வருஷம் முழுக்க எங்கள் வீட்டுப் பாயசம் சங்கரா வாசனை அடித்தது. பண்டிகைக்கு வந்த மச்சான் ஒரு வாய் வைத்துவிட்டு, முள் இருக்குமோ என்று நாக்கால் தடவிப் பார்த்தான்.

கொஞ்ச நாளில் என் செல்போன், என்னைப் பற்றி எனக்கே தெரியாத சேதிகளைச் சொல்ல ஆரம்பித்தது. 'அன்புள்ள சுப்புராயன், உங்கள் கர்ப்பகாலம் இனிதே அமைய வாழ்த்துகள்.' பிறகு பூனைத் தீனிக்குத் தள்ளுபடி. பிறகு பேன் மருந்து. கடைசியில் டயாப்பர். அதைப் படித்தது பவுனம்மாள்.

"கொயந்தைக்கு டயாப்பர் தள்ளுபடின்னு வந்துகீது. எந்த வூட்ல வளருது?"

"அடியே, இந்த முட்டிய வச்சிகினு என்னால மாடிப்படியே ஏற முடியல."

"நான் முட்டியப் பத்தியா கேட்டேன்?"

அன்று எனக்குச் சோறு இல்லை. கோவிந்தம்மாதான் வந்து காப்பாற்றினாள். "பில்லு போடற பொண்ணு நம்பர் கேக்கும்க்கா. நம்ம நம்பர குட்தா கண்டவன் போன் பண்ணுவான்ல? அதான் எல்லாரும் டேங்க் நம்பர சொல்லிட்றோம்."

தெருவே தின்றதெல்லாம் என் கணக்கில்! கோபித்துக்கொண்டேனா? முட்டியை மறந்து குதித்தேன். அவர்கள் பல் விளக்கினால் எனக்குப் பாயிண்ட், அவர்கள் தலை அரித்தால் எனக்குப் பாயிண்ட். பதிலுக்கு ஒரு கம்பெனி என்னைப் பேன் பிடித்த, பூனை வளர்க்கும் கர்ப்பிணி என்று நினைக்கிறது. நினைத்துவிட்டுப் போகட்டுமே!

ஒருநாள் காலை கதவைத் திறந்தால், எதிரே மின்கம்பத்தில் லாரி அகலத்துக்கு என் முகம். தலையில் கிரீடம் வேறு. 'எங்கள் நம்பர் ஒன் குடும்ப உறுப்பினர் திரு. சுப்புராயன்! இந்த ஆண்டு சர்க்கரை மட்டும் இரண்டு டன்!' ஃபிளெக்ஸ் கட்டியவன் தெருவில் எத்தனையோ கம்பம் இருக்க, அண்ணாச்சி கடையை ஒட்டிய கம்பமாகப் பார்த்துக் கட்டியிருந்தான்.

அண்ணாச்சி வாசலில் நின்றார். சிவப்பு நாற்காலியை ஒரு கையால் தூக்கி உள்ளே வீசினார். கால் ஒடிந்தது நாற்காலிக்கு. வலி வந்தது எனக்கு.

"அங்கனயே போயி உக்காரும் வே. ரெண்டு டன்னாம்லா!"

"அண்ணாச்சி, ரெண்டு டன்ன நான் கிரேன்லதான் தூக்கிகீறேன். துன்னுருந்தா இந்நேரம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுல படுத்துகினு இருப்பேன்!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார், கொஞ்சம் அவசரமாக. காலை நேரம், நல்ல கடல் காற்று. ஆனாலும் அவர் மீசை வேர்த்திருந்தது.

தெருவே வேடிக்கை பார்க்கிறது. என் பேப்பர், என் டீ, என் சிம்மாசனம் எல்லாம் போயிற்று. நான் கும்பிடக் கையெடுத்த நேரத்தில் ஆனந்தக்கூடை வேன் வந்து நின்றது. மஞ்சள் சீருடையில் இறங்கியது பில் போடும் ஜெமிமா. பின்னால் இருவர் பரிசைத் தூக்கி வந்தார்கள்.

"வாழ்த்துகள் சார்!" என்றவள் அண்ணாச்சியைப் பார்த்ததும் மலர்ந்துபோனாள். "அண்ணா, நீங்களும் இங்கதானா? சார், உங்க தம்பி மாதிரி யாருக்கும் அமையாது. புதன்கிழமை ஆனா கடை தொறக்கறதுக்கு முன்னாடியே ஆட்டோவோட வந்து நிப்பாரு. உங்க நம்பர சொல்லி மூட்ட மூட்டையா சக்கர எடுப்பாரு. கேட்டா, அண்ணன் வீட்டுல கல்யாணம்பாரு. வாரா வாரமா சார் கல்யாணம்?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அண்ணாச்சி தரையைப் பார்த்தார். தரையும் அவரைக் கைவிட்டதுபோல இருந்தது.

"எனக்குப் பொண்ணுங்க ஜாஸ்திம்மா" என்றேன்.

வேன் போனதும் அண்ணாச்சி என்னை உள்ளே இழுத்தார். "மொத்த வியாபாரி குடுக்குத வெலைக்கும் கொறச்சு அந்தக் கடையில குடுக்கான் வே. நான் என்னதான் செய்ய?"

"வருசம் பூரா மீன் நாத்தத்தோட பாயசம் குட்ச்சோம் அண்ணாச்சி! அதே சக்கர உங்க கடைல நாறாம கெடந்துகீது!"

"மெல்லப் பேசும்!"

எதிர்வீட்டு வாசலிலிருந்து பவுனம்மாள் குரல் வந்தது: "யோவ், ரெண்டு டன்னு பாயிண்டும் நம்முளுதுதானான்னு கேளு!"

பரிசைப் பிரித்தோம். கை வைத்த மஞ்சள் நாற்காலி, முதுகு சாய்கிற பக்கத்தில் 'ஆனந்தக்கூடை' என்று கொட்டை எழுத்தில். அண்ணாச்சி சுரண்டினார், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தார்; எழுத்து இன்னும் பளபளத்தது. சிவப்பு நாற்காலியை ஒடித்தவர் அவர்தான், வேறு நாற்காலியும் இல்லை. கடைசியில் அதைச் சுவரோரம் போட்டு என்னை உட்காரவைத்தார். என் முதுகு அகலம். எழுத்து முழுக்க மறைந்தது.

இப்போதெல்லாம் டீயோடு பிஸ்கட்டும் வருகிறது. வேலைதான் கஷ்டம். இன்று காலை மூத்திரம் முட்டி எழுந்தேன். தண்ணீர் டேங்க் பக்கமிருந்து நாலு பெண்கள் கடையை நோக்கி வந்தார்கள்.

"எந்திரிக்காதியும் வே! ஆளு வருது!" என்று அண்ணாச்சி பதறினார்.

உட்கார்ந்துவிட்டேன். இன்னொரு டீயும் வந்தது, சர்க்கரை தூக்கலாக.